ஒரு கிலோ மாட்டுக்கறியும் என் வீடும்

கூடையை இரண்டு தடவை கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இருந்தும் சமையலறை முழுக்க மிளகும் வறுபட்ட கொழுப்புமாக மணக்கிறது. அந்த மணத்தில் உட்கார்ந்துதான் உனக்கு இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் பேசப் பேச போன் எழுதிக்கொள்கிறது. உன் பெயரைச் சொன்னால் மட்டும் ஒவ்வொரு தடவையும் வேறு எதையோ எழுதி எனக்கே திருப்பிப் படித்துக் காட்டுகிறது. அதனால் பெயர் சொல்லாமலே பேசுகிறேன். நாற்பது வருட சிநேகிதிக்குப் பெயர் எதற்கு?

ஜெயித்துவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதை அப்புறம் கேள்.

என் கண்ணில் கடைசி வெளிச்சமும் போன அந்த வருடம், கேஸ் அடுப்பில் என் புடவை முந்தானை பற்றிக்கொண்டது உனக்குத் தெரியும். நானே தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டேன், கை மட்டும் கொஞ்சம் கொப்பளித்தது. ஆனால் சென்னையிலிருந்து ஓடிவந்த என் மகன் ஜெரோம், திரும்பிப் போகும்போது அடுப்பின் திருகுகளைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டு போனான். அன்றிலிருந்து மூன்று வேளையும் மெஸ்ஸிலிருந்து டிபன் கேரியர். பிள்ளை பயத்தில் செய்தான், அன்பில் செய்தான், எல்லாம் புரிகிறது. ஆனாலும் என் சமையலறையில் நான் விருந்தாளி ஆகிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை, உன் லீவு நாளில், நீ ஒரு பெரிய அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாய். நோணாங்குப்பம் படகுத் துறையில் வாரம் முழுக்க டிக்கெட் கிழித்த அலுப்பு உன் மூச்சில் இருந்தது.

"எம் பையன் கல்யாணத்துக்கு ஏர் ஃபிரையரு ரெண்டு வந்துச்சு. ஒண்ணு உனக்கு. நெருப்பே கெடையாது, புரியுதா? காத்துலயே வேவும்."

"காத்துல என்னாடி வேவும்?" என்றேன்.

"உனக்கு என்னா வேணுமோ அது வேவும். சொல்லு, என்னா வேணும்?"

யோசிக்காமல் சொன்னேன். "மாட்டுக்கறி. சின்னச் சின்னத் துண்டா, மிளகு போட்டு."

உங்கள் வீட்டில் அதைத் தொடமாட்டார்கள் என்பது சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். நீ சிரித்தாய். "நான் திங்கமாட்டேன். வேவுதான்னு பாக்கறதுக்கு என்னா வந்துது?"

அப்புறம் உன் பையிலிருந்து நகப்பூச்சை எடுத்தாய். மெஷினில் மேலே இருக்கும் திருகு சூட்டுக்கு, கீழே இருப்பது நேரத்துக்கு. நூற்றெண்பதில் ஒரு சொட்டு, இருநூறில் இரண்டு சொட்டு. பத்து நிமிடத்தில் ஒன்று. அது காயும்வரை என் விரலைப் பிடித்து வைத்திருந்தாய். காய்ந்ததும் விரலை அந்தப் புள்ளிமேல் வைத்து, "இது ரெட்டு கலருடி, உனக்குப் புடிச்சது" என்றாய்.

முதல் கறி ரப்பர். மென்று மென்று தாடை வலித்ததுதான் மிச்சம். அடுத்த வாரம் கூடையை நிறைய அடைத்தோம். வறுபடுவதற்குப் பதிலாகத் தண்ணீர் விட்டு அவிந்துபோனது. இன்னொரு தடவை கறிவேப்பிலையை முதலிலேயே போட்டுத் தொலைத்தோம். உள்ளே சுற்றுகிற காற்றில் அது பறந்து மேலே கம்பியில் ஒட்டிக் கருகி, வீடே புகை. நீ ஜன்னலைத் திறந்துவைத்து இருமிக்கொண்டே சிரித்தாய். ஒவ்வொரு தடவையும் கூடையை வெளியே இழுத்து எனக்கு நிறம் சொல்லுவாய். "இன்னும் வெளுப்பாதான் இருக்கு... இப்ப செங்கல் கலரு... இரு, இரு, இப்ப காப்பிக்கொட்டை ஆயிக்கினு வருது." ஒரு துண்டுகூட வாயில் வைக்காத நீதான் என் கண்.

பச்சைப் பப்பாளியைத் தோலோடு துருவிப் பிசைந்து இரண்டு மணி நேரம் ஊறவைத்தால் கறி இளகும் என்று யாரிடமோ கேட்டு வந்து சொன்னாய். அடுத்த செவ்வாய் செய்து பார்க்கலாம் என்றாய்.

அந்தச் செவ்வாய் வரவில்லை. ஞாயிறு காலை வேலைக்குக் கிளம்பிய இடத்தில் நெஞ்சு வலி. மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று உன் மகன் போனில் சொன்னான். உன்னைப் படுக்க வைத்திருந்த இடத்துக்கு என்னைக் கைபிடித்து அழைத்துப் போனார்கள். உன் விரல்களைத் தடவினேன். நகங்கள் வழவழவென்று இருந்தன. என்ன நிறம் என்று யாரையும் கேட்கத் தோன்றவில்லை.

நாற்பது நாளைக்கு மேல் அந்த மெஷின்மேல் துண்டு போட்டு மூடியே வைத்திருந்தேன். நிறம் சொல்ல ஆளில்லாமல் எப்படி?

பிறகு ஒருநாள் மதியம், மெஸ் சாம்பாரை மூடி வைத்துவிட்டு எழுந்தேன். கோபம்தான் என்று நினைக்கிறேன், உன்மேல். கறிக்கடைக்குப் போன் போட்டு, "பாய், அண்டர்கட்டுல கால் கிலோ. சுண்டுவிரல் நுனி அளவுக்குத் துண்டு போட்டு அனுப்புங்க" என்றேன். மாட்டின் முதுகுத்தண்டுக்கு அடியில் இருக்கும் இளங்கறி அது. பப்பாளி, இஞ்சி பூண்டு, மிளகு, மஞ்சள், உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய். இரண்டு மணி நேரம் ஊறவைத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் கூடையில் விரலால் தடவித் தடவிப் பரப்பினேன். பாதியில் இழுத்துக் குலுக்கினேன். சேற்றில் சேறு விழுகிற மாதிரி ஒரு சத்தம். மூன்று நிமிடம் கழித்துக் குலுக்கினேன். சத்தம் கொஞ்சம் மாறியிருந்தது. மறுபடி குலுக்கியபோது புளியங்கொட்டையைத் தட்டில் உருட்டியது போலக் கேட்டது. ஒரு துண்டை எடுத்து ஊதி வாயில் போட்டேன். மேலே மொறுமொறுப்பு, கடித்தால் உள்ளே மெத்தென்று சாறு.

சமையலறையில் தனியாக நின்று கை தட்டினேன். பிறகு அழுதேன். பிறகு மிச்சத்தையும் தின்றேன்.

அதிலிருந்து வாரத்துக்கு இரண்டு தடவை. யாருக்கும் சொல்லவில்லை. போன மாதம் என் கொழுந்தனார் பிரான்ஸிலிருந்து வந்திருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்து ரிட்டையர் ஆனவர், பேச்சிலும் அணிவகுப்புதான். அவரைப் பார்க்க ஜெரோமும் சென்னையிலிருந்து வந்தான். வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஹாலில் இருவரும் மெதுவாகப் பேசினார்கள். கண் போனவளுக்குக் காதும் போயிருக்கும் என்று நினைத்தார்கள் போல.

"அம்மாவ எங்கூடவே கூட்டிக்கினு போயிடறேன் சித்தப்பா. வீட்ட வாடகைக்கு விட்டுடலாம். ஒரு வேள சோறு தானா ஆக்கிக்க முடியாதவங்கள எப்படித் தனியா உடறது?"

"அதான் சரி. அண்ணி கொஞ்ச நாள் அழுவாங்க. அப்பறம் பழகிடும்."

சுவரைப் பிடிக்காமல் நடந்து போய் நடு ஹாலில் நின்றேன்.

"ஞாயித்துக்கெழம மாதா கோயில்ல பூச முடிஞ்சி ரெண்டு பேரும் இங்க சாப்புடுங்க. நான் சமைக்கிறேன். சமையலறைக்குள்ள யாரும் வரக் கூடாது. சாப்ட்டுட்டு அப்பறம் முடிவு பண்ணுங்க."

"அம்மா, அடுப்பு..." என்றான் ஜெரோம்.

"உன் அடுப்பு எனக்கு வேணாம்."

ஒரு கிலோ கறி. கூடையில் ஒரு தடவைக்குக் கால் கிலோதான் பரப்ப முடியும். நான்கு நடை. வெங்காயத்தை நானே வட்டமாக அரிந்தேன், எலுமிச்சை பிழிந்தேன். பேக்கரியிலிருந்து நீள ரொட்டி வந்திருந்தது. முதல் இரண்டு நடை சொன்ன பேச்சைக் கேட்டது. மூன்றாவது நடை பாதியில் இருக்கும்போது, மெஷினின் மூச்சு நின்றது.

"அம்மா, கரண்டு போயிடுச்சி!" ஜெரோமின் நாற்காலி நகர்ந்தது. "நான் வரட்டா?"

"வராத!"

நேரத் திருகு மட்டும் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லாவிட்டாலும் அது ஓடும். உள்ளே எத்தனை நிமிடம் வெந்தது, எத்தனை நிமிடம் வேகவில்லை என்று இனி அதைக் கேட்டுப் பயனில்லை. வெளியே கொழுந்தனார், "பாவம்" என்று முணுமுணுத்தார். அந்த ஒரு சொல் போதும், எனக்கு உயிர் வந்துவிட்டது.

இருபது நிமிடம் கழித்துக் கரண்ட் வந்தது. ஓடி முடிந்திருந்த நேரத் திருகை மறுபடி திருப்பியதும் மெஷின் உறுமியது. நிமிடக் கணக்கை விட்டுவிட்டுக் கூடையைக் குலுக்கினேன். செங்கல்தான், இன்னும் இல்லை. மூடினேன். மறுபடி குலுக்கினேன். காதைக் கூடைக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். கொட்டைகள் உருண்டன. காப்பிக்கொட்டை. கடைசி ஒரு நிமிடத்துக்கு எண்ணெய் புரட்டிய கறிவேப்பிலையைத் துண்டுகளுக்கு அடியில் செருகினேன். பறக்கவில்லை.

தட்டு வைத்த பிறகு கேட்டதெல்லாம் மெல்லுகிற சத்தம்தான். அதில் ரப்பர் இல்லை, அது எனக்குத் தெரியும். கொழுந்தனார் ரொட்டியைப் பிய்த்துத் தட்டைத் துடைத்தார்.

"அண்ணி," என்றார், "இன்னும் இருக்கா?"

"இன்னொரு நட இருக்கு."

ஜெரோம் எழுந்து வந்து என் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எங்காவது சுட்டிருக்கிறதா என்று தேடினான். ஒன்றும் இல்லை. "எப்பம்மா கத்துக்கின?" என்றான். உன்னைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். செவ்வாய்க்கிழமைகள், நிறங்கள், புகை எல்லாம். சொல்லி முடித்ததும் அவன் சித்தப்பாவிடம், "வாடகைக்கு விடல" என்றான். அவ்வளவுதான். கொழுந்தனார் வாயில் கறி இருந்தது.

அடுத்த வாரமே மெஸ்ஸுக்குப் போன் பண்ணி கேரியரை நிறுத்திவிட்டேன்.

நேற்று கண் மருந்து வாங்கக் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். திரும்பும்போது, ஒரு கால் படியில், ஒரு கால் தரையில் இருக்கும்போதே பஸ் நகர்ந்தது. உன்னோடு வரும் நாட்களில் இப்படி எத்தனையோ தடவை நடந்திருக்கிறது. நீ கத்துகிற கத்தில் மொத்த ஸ்டாப்பும் திரும்பிப் பார்க்கும், எனக்கு வெட்கத்தில் உடம்பு குறுகும். நேற்று நான் குறுகவில்லை. "நிறுத்துய்யா! ஏறிக்கினு இருக்கேன் இல்ல!" என்று ஒரு சத்தம் போட்டேன். குரல் என் தொண்டையிலிருந்துதான் வந்தது. ஆனால் அது உன் குரல்.

பஸ் நின்றது. நிதானமாக ஏறி உட்கார்ந்தேன்.