உப்பு ஏரிக்குப் போகும் வழியில் கேட்ட சேதி

அன்புள்ள அம்மாவுக்கு,

மொமினா வணக்கத்துடன் எழுதுவது. உங்களுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டதிலிருந்து பாடத்தில் மனம் செல்லவில்லை. இப்போது நிம்மதி.

நேற்று பள்ளியிலிருந்து எங்களை உப்பு ஏரிக்கு நடத்திக் கூட்டிப் போனார்கள். எரிமலைக் கருங்கற்களைத் தாண்டியதும் எதிரே ஓர் ஒட்டகக்காரர் வந்தார். வழியில் யாரைக் கண்டாலும் சேதி கேட்கும் நம் வழக்கப்படி வழிகாட்டி ஹுமத் மாமா உடனே உட்கார்ந்து கேட்கத் தொடங்கினார். மேட்டுநிலத்துக்காரரான எங்கள் ஆசிரியருக்குப் பொறுக்கவில்லை.

"வெயில் மண்டையப் பிளக்குது. கதையெல்லாம் அப்புறம் பேசலாமேய்யா!"

"இப்பக் கேக்கலேன்னா, உப்புச் சேத்துல இடுப்பு வரைக்கும் எறங்கிட்டுத்தான் கேக்கணும் வாத்தியாரே" என்றார் மாமா.

ஒட்டகக்காரர் மழை, மேய்ச்சல், உப்புத்தரை இளகிய இடம் எல்லாம் சொன்னார். பிறகு, "அஃப்தேரா கிணத்துப் பக்கம், மகளை செமெராவுல படிக்க வச்ச அம்மா காய்ச்சலா கெடந்துச்சே, இப்ப எந்திரிச்சு ஆடு கறக்குது" என்றார்.

"அது எங்கம்மா!" என்று கத்திவிட்டேன். திரும்பிப் போகும்போது நான் நலம் என்று உங்களிடம் சொல்லச் சொன்னேன்.

"நீ அழுததையும் சொல்லுவேன் தாயி. பாத்ததை மறைக்கக் கூடாதுல்ல."

இந்தக் கடிதத்தை அவர் முந்திக்கொண்டால் பயப்படாதீர்கள் அம்மா. அது பெரும்பாலும் சந்தோஷத்தில் வந்த அழுகைதான். முடிந்தால் நீங்கள் முடைந்த சின்னப் பாயை அனுப்புங்கள். விடுதிக் கட்டிலில் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

மணி அடித்துவிட்டது. அந்த ஒட்டகக்காரருக்கு நீங்களே பால் கறந்து கொடுங்கள், நுரை பொங்கப் பொங்க.

உங்கள் மகள்
மொமினா