இடுப்புக்குப் போன கை

இன்று காலைப் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் முழங்காலில் நீலகிரித் தைலம் தேய்த்துக்கொண்டு வந்திருந்தார். பயிற்சி முடிந்ததும் நீ தோளில் தேய்த்துக்கொள்வாயே, அதே நெடி. மூன்று நிறுத்தம் பொறுத்தேன். நாலாவதில் இறங்கி, கணபதியில் இருக்கும் ஆலைக்கு நடந்தே போனேன். நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது.

நாம் பழகியதே அடிதடியில்தான். நான் பம்ப் தொழிற்சாலையில் தர ஆய்வாளன், சாயங்காலம் குத்துச்சண்டை. அளந்து பார்க்காத எதையும் நம்பமாட்டேன். நீ லேத் ஓட்டுபவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறை மொட்டைமாடியில் சீனக் குங்ஃபூ சொல்லிக்கொடுப்பாய். முப்பது பேர் உன்னை மாஸ்டர் என்றார்கள். நான் வேடிக்கை பார்க்க வந்த அன்று நீ ஃபார்ம் செய்துகொண்டிருந்தாய். எதிரே ஆளே இல்லாமல், வரிசை மாறாமல், நூற்றெட்டு அசைவுகள். அழகாக இருந்தது. எனக்கு எரிச்சல் வந்ததே அதனால்தான்.

"காத்தை நல்லா அடிக்கறீங்க. காத்து திருப்பி அடிக்காதுல்லீங்க" என்றேன்.

நீ கோபப்படவில்லை. "நீங்க அடிப்பீங்கல்ல? நாளைக்கு உங்க கிளப்புக்கு வாரேனுங்க" என்றாய்.

வந்தாய். நாற்பது வினாடிகூட ஆகியிருக்காது. நீ ஒரு கையால் குத்தும்போதெல்லாம் மற்றக் கை தானாகப் போய் இடுப்பில் உட்கார்ந்துகொண்டது. ஃபார்மில் அப்படித்தான். முகத்தைக் காக்க அங்கே ஒன்றுமே இல்லை. என் மூன்றாவது குத்தில் உன் மூக்கில் ரத்தம்.

"சாரிங்க."

"பரவால்லீங்க. இன்னொண்ணு போடுங்க. எங்க தப்பு நடக்குதுன்னு பாக்கோணும்."

மூக்கு உடைந்த பிறகும் 'ங்க' போடும் ஊர் நம்முடையது. இடுப்பில் இருந்த கையைத் தொட்டுக் காட்டினேன். நீ ஐஸ் கட்டியை மூக்கில் அழுத்திக்கொண்டாய்.

"பத்து வருசமா இதைத்தான் சொல்லிக் குடுத்துட்டு இருக்கறேன்."

"கமுக்கமா மாத்திக்குங்க. யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

"ஏற்கெனவே கத்துக்கிட்டவங்க? அவங்க எங்கயாச்சும் இந்தக் கையோட போய் நின்னா? ஞாயித்துக்கெழமை வாங்க. எல்லார் முன்னாடியும் என்னைய அடிங்க."

உனக்குப் பைத்தியம் என்று நினைத்தேன். லேத் பட்டறையில் நீ நாலு பேரில் ஒருவன். மாஸ்டர் என்று உன்னைக் கூப்பிட்டது அந்த மாடி ஒன்றுதான். அதைத்தான் பணயம் வைத்தாய்.

அந்த ஞாயிறு எனக்கு நிமிடம் நிமிடமாக நினைவிருக்கிறது. "நான் சொல்லிக் குடுத்ததுல ஒரு தப்பு இருக்குது, பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு என் முன்னால் நின்றாய். நான் மெதுவாகத்தான் அடித்தேன். "மெதுவா அடிச்சா அது பொய்யுங்க" என்றாய், அவர்கள் காதிலும் விழும்படி. அடுத்ததைச் சரியாகவே போட்டேன். அப்படியே உட்கார்ந்துவிட்டாய்.

ஒருவர் எழுந்து தன் மகளின் பையை எடுத்துக்கொண்டார். "மாஸ்டரே அடி வாங்கறாரு. எம்புள்ளை இங்க என்னத்தைக் கத்துக்கும்?"

"எதனால அடி வாங்கினேன்னு கத்துக்குமுங்ண்ணா" என்றாய், உட்கார்ந்தபடியே.

அவர் நிற்கவில்லை. அடுத்த வாரம் முப்பது பதினாறானது.

அதன் பிறகு ஆறு மாதம், ஷிப்ட் முடிந்ததும் தினமும் ஒரு மணி நேரம். நூற்றெட்டு அசைவுகளையும் ஒவ்வொன்றாக எடுத்தோம். நான் நிஜமாகவே அடிப்பேன், நீ செய்து பார்ப்பாய். தேறாததைச் சுவரில் சாக்பீஸால் எழுதி அடித்துவிடுவேன். சுவரே வெள்ளையாகிக்கொண்டு வந்தது. அதற்குள் 'டா' போட்டுப் பேச ஆரம்பித்திருந்தோம்.

"மொத்தமா தூக்கிக் குப்பையில போடுடா" என்றேன்.

"பட்டறையில ட்ராயிங் புரியலைன்னா ட்ராயிங்கைக் கிழிப்பியா? நமக்குப் படிக்கத் தெரியலையோ என்னமோ."

ஒரு நாள், நாம் நெருங்கி நின்று கையோடு கை சிக்கிக்கொண்டிருந்தபோது, உன் கை வழக்கம்போல இடுப்புக்குப் போனது. இந்த முறை என் மணிக்கட்டையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. நான் நிலை தடுமாறி முன்னால் சரிந்தேன். உன் மறு கை முஷ்டி என் தாடைக்கு ஒரு விரல் முன்னால் நின்றது. இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.

"வெறுங்கையா இடுப்புக்குப் போகக்கூடாதுடா. ஆளைக் கூட்டிட்டுப் போகோணும்" என்றாய்.

நான் உடனே பத்து முறை செய்து பார்க்கச் சொன்னேன். கிட்டே நின்றால் பத்துக்கு ஏழு. தூரத்திலிருந்து வேகமாக வரும் குத்தைப் பிடிக்கப் போனால் பத்துக்கு ஒன்று, அதுவும் என் தயவில். அடுத்த ஞாயிறு அந்தப் பதினாறு பேரிடமும் பத்துக்கு ஏழு என்பதையும் சொன்னாய், பத்துக்கு ஒன்று என்பதையும் சொன்னாய். "தூரத்துல இருந்து வர்றதைப் புடிக்கப் போகாதீங்க, மூக்கு போயிரும்" என்று உன் கோணல் மூக்கைக் காட்டினாய். சிரித்தார்கள். பத்துக்கு ஏழு என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. எட்டே நாளில் போய்விட்டாய். ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பதினாறு பேரும் நின்றார்கள். அவர்களில் யாரும் உன்னை மாஸ்டர் தவிர வேறு பெயரில் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

போன மாதம் எங்கள் ஆலையில் பம்புக்குக் கடைந்த ஷாஃப்ட் ஒரு லாட் முழுவதும் கழிவானது. பழி லேத் ஓட்டுபவர்கள் மேல் விழுந்தது. ஏட்டைப் புரட்டிப் பார்த்தபோது தெரிந்தது, நான் எழுதிக்கொடுத்த அளவுதான் தப்பு. கமுக்கமாகத் திருத்தியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. மேலாளரையும் கூப்பிட்டு, எல்லா மெஷின்களுக்கும் நடுவில் நின்றேன். வாய் உலர்ந்துபோயிற்று. அன்று மாடியில் உனக்கும் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். உன் குரலில் அது தெரியவே இல்லையேடா.

"லேத் ஓட்டினவங்க மேல தப்பில்லீங்க. நான் எழுதிக் குடுத்த அளவுதான் தப்பு."

 மூத்த ஆபரேட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"செரிங்க சார். செரியான அளவைச் சொல்லுங்க, ஓட்டிப் போடலாம்."

சொன்னேன்.