ஊர் என்ற கட்டம்

ஜூன் 10, செவ்வாய்

மூன்றாம் தரத்தில் படிக்கும் மகள் ஆரணி இன்று பள்ளியிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். தலைப்பு 'நான் யார்?' வீட்டில் யார் யார், என்ன மொழி கதைப்பீர்கள், சொந்த ஊர் எது என்று கட்டங்கள். பிள்ளைகள் தங்களைத் தாங்களே அறிந்துகொள்ளவாம். சண்டைக் காலத்தில், நாங்கள் இருக்கும் இதே வெள்ளவத்தையில், இதே கேள்விகளோடு தமிழர் வீடு வீடாகப் பொலிஸ் படிவம் வந்ததையும், வடக்கில் பிறந்தவர் என்றாலே சந்தேகப்பட்டதையும் நான் மறக்கவில்லை.

டீச்சருக்கு ஃபோன் எடுத்தேன்.

"இந்தத் தாளெல்லாம் எங்க போகும், டீச்சர்?"

"வேற எங்க? வகுப்புச் சுவரிலதான் ஒட்டுவம்," என்று சிரித்தா.

அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. சுவரில் ஒட்டினால் யாரும் படம் எடுக்கலாம்.

ஆரணியிடம், "வெள்ளவத்தை எண்டு எழுது. அம்மா பிறந்த ஊரை ஒருத்தருக்கும் சொல்லாதை," என்றேன்.

"ஏனம்மா, அது கூடாத ஊரோ?"

"சொன்னதைச் செய்."

அவள் படுத்த பிறகு பையைத் திறந்து பார்த்தேன். ஊர்க் கட்டத்தில் வெள்ளவத்தை என்று அழகாக எழுதியிருந்தாள். 'என்னைப் பற்றி இன்னும் ஒன்று' என்ற கடைசிக் கட்டத்தில் இப்படி இருந்தது: "எங்களுக்கு இன்னொரு ஊர் இருக்கு. அதின்ட பேரைச் சொல்லக்கூடாது எண்டு அம்மா சொன்னவ."

பென்சில் எழுத்துத்தான், அழித்துவிடலாம். ஆனால் காலையில் ஏன் என்று கேட்பாள்.

இவ்வளவும் எழுதிய பிறகுதான் கவனிக்கிறேன். இந்த நாட்குறிப்புக் கொப்பியில்கூட அந்த ஊரின் பெயரை நான் எழுதவில்லை.