மருமகன் கட்டிய நெருப்பு மதில்

வெள்ளவத்தை
4 மார்ச் 2024

அன்பில் இன்னும் ஒரு சொட்டு மிச்சமிருக்கும் மருமகன், என் அக்கா பெற்ற ராகுலனுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கமாட்டேன். கேட்டால் அதையும் எங்கேயாவது பதிவு செய்து வைப்பாய். அதனால்தான் தபால். இந்த உறையை ஒட்டியது என் சொந்த எச்சில். டொரொன்டோவின் கொம்பியூட்டர்கள் எல்லாம் திரண்டு வந்தாலும் அதை ஊடுருவ முடியாது.

போன வருடம் வந்து என் வீட்டில் ஒரு பெட்டி பூட்டினாயே. "மாமா, இது பயர்வோல். கள்ளர் ஒருத்தரும் உள்ளுக்கு வரேலாது. இனி எல்லாக் கோலும் இந்த இன்டர்நெட் போனாலதான்" என்றாய். நெருப்பு மதில்! இராவணனுக்கே வாய்க்காத கோட்டை என்று பூரித்தேன். வெள்ளவத்தைக் கடைத்தெருவான காலி வீதியில் பாதிப் பேரிடம் பெருமையடித்தேன். மீதிப் பேர் என்னைக் கண்டதும் ஓடினார்கள்.

பிறகு கொன்ஸ்ரன்ஸின் குரல் நின்றது. கந்தோரில் என்னோடு வேலை செய்த கொட்டாஞ்சேனை கொன்ஸ்ரன்ஸ். கண் ஒபரேஷனுக்குப் பிறகு அவளுக்குப் பேப்பர் வாசிக்க முடியாது. மாலையில் கோல் எடுத்து மரண அறிவித்தல்களை நான்தான் வாசிப்பேன். "இந்த ஆள் எனக்கு லவ் லெட்டர் தந்தவர்" என்பாள். இருவருமாகச் சேர்ந்து அவரை மன்னிப்போம்.

அவளுடைய மீன்குழம்பைப் பழித்தேன், அந்தக் கோபமாக்கும் என்று நானும் இமயமலை அளவுக்கு வீம்பு பிடித்தேன். அவளோ நான் செத்துவிட்டேன் என்று முடிவெடுத்து, பக்கத்து வீட்டுக்காரியைக் கொண்டு மரண அறிவித்தலில் என் பெயரைத் தேடியிருக்கிறாள்; கிடைக்காவிட்டாலும் முடிவை மாற்றவில்லை. நேற்று வெள்ளைச் சேலையும் மலர்வளையமுமாக ஓட்டோவில் வந்து இறங்கினாள். நான் இடுப்பில் கட்டிய சாரத்தோடு கதவைத் திறந்தேன்.

"அடப் பாவி மனுசா, நீங்க சாகல்லையா? இந்த மலர்வளையத்த நான் இப்ப என்ன செய்யிற?"

கொம்பியூட்டர் கடை முர்ஷித்தைக் கூப்பிட்டோம். பெட்டியைக் குடைந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அங்கிள், அவங்கட நம்பர டொரொன்டோல இருந்துதான் புளொக் பண்ணீக்கி. ஒங்கட கோல் எல்லாம் ரெக்கோர்டும் ஆகுது."

கள்ளன் யாரடா?

இப்படிக்கு,
இன்னும் சாகாத, வெள்ளவத்தைச் சக்கரவர்த்தி,
தில்லைநாதன் மாமா

டொரொன்டோ
30 மார்ச் 2024

அன்புள்ள மாமா,

கோபிக்காதேங்கோ. வட்ஸ்அப்பிலும் என்னைத் தடுத்துவிட்டீர்கள், அதனால் எழுதுகிறேன். தினமும் ஒரே நம்பருக்கு நீண்ட நேரம் கோல் போனதால் சொஃப்ட்வெயர் எச்சரிக்கை தந்தது. தனியாக இருக்கும் வயதானவர்களிடம் அன்பாகக் கதைத்து வீடுவாசலை எழுதி வாங்கும் கூட்டம் இருக்கிறது. பயந்துபோய் இரண்டு பதிவுகளைக் கேட்டேன். அம்மாவுக்கும் போட்டுக் காட்டினேன். "இந்த வயதில இவனுக்கு இது என்ன கூத்து, நிப்பாட்டு" என்றா. நிப்பாட்டினேன்.

இப்போது தடையை எடுத்துவிட்டேன். பாஸ்வேர்ட் மட்டும் என்னிடமே இருக்கட்டும். உங்களுடைய பாதுகாப்புக்குத்தான், மாமா.

அன்புடன்,
ராகுலன்

வெள்ளவத்தை
22 ஏப்ரல் 2024

ராகுலன்,

எந்த இரண்டு?

உன் மாமி என்னைத் தனியே விட்டுக் கண்மூடியதிலிருந்து றேடியோவை அணைத்துவிட்டு என்னால் நித்திரை கொள்ள முடியாது என்று ஒரு நாள் கொன்ஸ்ரன்ஸிடம் சொன்னேன். உன்னிடம் சொன்னதில்லை. என் கூடப்பிறந்த அக்காவிடமும் சொன்னதில்லை. அதைத்தானா இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு கேட்டீர்கள்? நான் விக்கி நின்ற இடத்தில் அக்கா என்ன செய்தா? இன்னொருக்காப் போடச் சொன்னாவா?

அவளுடைய பேர் என்ன, ஆள் யார் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் ஒட்டுக்கேட்டாய். இதற்குப் பெயர் பாதுகாப்பென்றால், வெலிக்கடைச் சிறையைவிடப் பாதுகாப்பான இடம் இலங்கையில் இல்லை.

பெட்டியை முர்ஷித் கழற்றிவிட்டார். பாஸ்வேர்டை நீயே வைத்துக்கொள்; அது திறப்பதற்கு இங்கே ஒன்றும் இல்லை. பேப்பரை இப்போது கொட்டாஞ்சேனைக்கே கொண்டுபோய் வாசிக்கிறேன். கல்யாணமா என்று அக்கா கேட்பா. அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் கோலில் கதைக்கவில்லை. உங்கள் பதிவுகளில் தேட வேண்டாம்.

தெரிந்தே ஆகவேண்டுமென்றால் பிளேன் ஏறி வா. கதவைத் தட்டு. யாரென்று உள்ளே இருந்து கேட்பேன். பெயரைச் சொல்லிவிட்டு வெளியே நில். திறப்பதா என்று நான் யோசிக்கிறேன்.

தில்லைநாதன்