செவ்வாயில் தண்ணீர், வாழவந்தியில் காப்பி

வாழவந்தி, 18 ஜனவரி 1984, புதன்

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கப்படுவது: இன்று காலை பனியில் களத்துக்குப் போகும் வழியில் என் இடது செருப்பின் வார் காலமானது. வலது செருப்பு துக்கத்தில். இதை முன்னிட்டு விடுமுறை கேட்டு அம்மாவிடம் மனு. தள்ளுபடி.

களத்தில் எங்கள் காப்பிப் பழம் காய்கிறது. காலையும் மாலையும் அடிவரை கிளறிவிட வேண்டும். போன வாரத்திலிருந்து பொறுப்பு என்னுடையது. அப்பா சொன்னது: "காப்பி ஒழுங்காக் காஞ்சா சேலத்துக்குப் போ கண்ணு. இல்லீனா பேச்சே வேண்டாம்."

சேலம் என்றால் அறிவியல் கண்காட்சி. திங்கட்கிழமை. பள்ளியிலிருந்து நானும் குமாரும். புரோட்டா, சினிமா, பஸ் ஸ்டாண்டு. அறிவியலும் உண்டு.

ஜன. 19, வியாழன்

மூடுபனி. உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. திங்கள் ஏன் இவ்வளவு தூரம்?

எங்கள் தலைப்பு: கிரகங்களில் விழுந்த பள்ளங்கள். தட்டில் மண் பரப்பி, விண்கல்லுக்குப் பதில் இரும்புக் குண்டு போட்டுக் காட்டுவது. நூலக இதழிலிருந்து காப்பியடித்தேன். காப்பிக்காரன் மகன், குற்றமாகாது.

விஷயம் இதுதான். தோண்டாமலே அடியில் என்ன இருக்கிறதென்று தெரியும். விண்கல் விழுந்தால் உள்ளே இருப்பதை வெளியே இறைத்துவிடும். பெரிய பள்ளம் என்றால் ஆழத்துச் சரக்கு. நிலாவில் காய்ந்த பொடியாகச் சிதறியிருக்கிறது. செவ்வாயில் சில பள்ளங்களைச் சுற்றிச் சேறு வழிந்த மாதிரி. அப்படியானால் அடியில் ஐஸ் இருக்கலாம் என்கிறார்கள். அட்டையில் "இருக்கிறது" என்றே எழுதிவிட்டேன். செவ்வாயில் தோஷம் உண்டென்று ஊருக்கே தெரியும். தண்ணீர் உண்டென்று எனக்குத்தான் தெரியும்.

குமார்: "ஏண்டா, உன் மண்டையில குண்டு போட்டா என்ன வரும்?"
"மூளை."
"பொடிதாண்டா பறக்கும். நிலா."

காப்பி கிளறியாச்சு. சீவிய தலை மாதிரி வரிவரியாக. அம்மாவுக்கே ஆச்சரியம். "நொம்ப சீக்கிரம் முடிச்சுட்டியே சாமி." மேதைகளுக்கு நேரம் ஆகாது.

ஜன. 21, சனி

தட்டு தயார். அடியில் ஈரச் செம்மண், நடுவில் கோலப்பொடி, மேலே ராகி மாவு. ராகி விஷயம் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு அடி. முதுகில் பள்ளம் இல்லை.

பள்ளியிலிருந்து இரும்புக் குண்டு கடன். போட்டுப் பார்த்தோம். வெள்ளை தெறித்தது, அப்புறம் சிவப்பு. குமார் கைதட்டினான். எனக்குக் கால் தரையில் இல்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். "பேய் புடிச்சுதா?" என்றாள் அம்மா.

ஜன. 22, ஞாயிறு

நல்ல வெயில். அப்பாவைக் களத்தோரம் நிற்கவைத்து முழு விளக்கம். கடைசியில் கேட்டார்:

"மேல பாத்தா எல்லாம் ஒண்ணாத்தான இருக்குது. அடியில கெடக்கறத குண்டு சொல்லிருமாக்கும்?"

"எங்க போட்டாலும் சொல்லுமுங்கப்பா."

சிரித்துக்கொண்டே குண்டை வாங்கினார். பக்கத்தில் காய்ந்த காப்பி மேலேயே தூக்கிப் போட்டார்.

மேலே இருந்த காய்ந்த பழம் கலகலவென்று சிதறியது. நிலா. அதற்கடியிலிருந்து கறுப்பாகக் கட்டி கட்டியாக வந்து குழியைச் சுற்றி அப்படியே படிந்தது. வெள்ளைப் பூசணம். புளித்த நாற்றம். செவ்வாய்.

ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார். சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம்.

"இன்னொரு எடத்துல போடு கண்ணு."

போட்டேன். அங்கேயும் அதே. களத்தின் மூலை வரைக்கும் என்னையே போடச் சொன்னார். எல்லா இடத்திலும் குண்டு சொன்னது.

"இத எவன் வாங்குவான்?" என்று அம்மாவிடம் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை.

தட்டைக் குமாரிடம் கொடுத்தாயிற்று. நாளை பஸ்ஸில் அவன் மட்டும். அட்டையை மனப்பாடம் செய்கிறான், "இருக்கிறது" உட்பட.

இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது. போன வாரத்திலிருந்து நான் ஒருநாள்கூட அடிவரை கிளறவில்லை. கட்டையால் மேலாக வரி இழுத்துவிட்டு, களத்தோரம் உட்கார்ந்து செவ்வாயில் தண்ணீர் தேடிக்கொண்டிருந்தேன்.