ஆறாவது பாட்டில் எண்ணும் குரல்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். போன் பண்ணாதே, கடை முகவரிக்குக் கடிதம் போடு என்று சொல்லிவிட்டாய். பேனா பிடிக்கிற பழக்கமே விட்டுப்போன எனக்கு இது பெரிய தண்டனை. கண்ணாடிக் கடையில்தானே வேலை பார்க்கிறாய், என் கையெழுத்து புரியாவிட்டால் நல்ல லென்ஸாகப் பார்த்துப் போட்டுக்கொள்.

ஆல்பம் ஒருவழியாக முடிந்தது. பதினோரு பாட்டு. முடிப்பதற்குள் டிரம்ஸ்காரனும் பேஸ் கிதார் வாசிக்கிற நெட்டையும் இரண்டு முறை அடித்துக்கொண்டார்கள். எல்லாப் பாட்டும் அருமை என்று கதைவிட மாட்டேன். நாலைந்து தேறும், இரண்டைக் கேட்டால் எனக்கே கொட்டாவி வருகிறது. ஆனால் இதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்திருக்கிறோம் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு பாட்டுக்கும் அடியில் ஒரு வீட்டின் சத்தம் ஓடுகிறது. நெட்டையின் வீட்டுத் தையல் மெஷின், டிரம்ஸ்காரனின் மாமியார் வீட்டு லிஃப்ட், ஸ்டுடியோ பாத்ரூமில் ஒழுகுகிற குழாய். ஆட்களிடம் சொல்லாமல் ரெக்கார்டரை ஓடவிட வேண்டும் என்பது எங்கள் விதி. சொன்னால் நடிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இப்போது ரகசியத்தைச் சொல்கிறேன். ஜனவரியில் உன் வீட்டில் ஐந்து நாள் தங்கினேன் அல்லவா, அப்போது ஃபிரிட்ஜ் மேல் ரெக்கார்டரை வைத்துவிட்டு வெளியே போயிருந்தேன். மாமா வேலை முடிந்து இரும்புப் படியில் ஏறி வருகிற சத்தம் அதில் விழுந்திருக்கிறது. கூடவே நீ! சமையலறையில் நின்று ஒன்று, இரண்டு, மூன்று என்று தாழ்ந்த குரலில் தாளம் எண்ணிக்கொண்டிருக்கிறாய். எனக்கு முதன்முதலில் தாளம் சொல்லிக் கொடுத்ததும் நீதானே. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை என்று கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறாவது பாட்டு முழுக்க உன் மேல்தான் நிற்கிறது. கடிதத்தோடு சிடி வைத்திருக்கிறேன், கேட்டுவிட்டுத் திட்டு.

உன் தம்பி,
வாலு

மார்ச் 9

அன்பு வாலுவுக்கு,

சிடி வந்தது. மத்தியானம் கடையில் ஆள் இல்லாதபோது கேட்டேன். முதல் பாட்டு நன்றாக இருக்கிறது. இரண்டாவது எப்போது முடியும் என்று கடிகாரத்தைப் பார்த்தேன். உங்கள் டிரம்ஸ்காரனுக்கு டிரம்ஸ் மேல் என்ன பகை என்று கேட்டுச் சொல். குழாய் ஒழுகுகிற பாட்டை நாலு முறை கேட்டேன், எங்கள் கடைக்காரம்மாவுக்கும் பிடித்துவிட்டது. கடைசிப் பாட்டு பாதியில் எழுந்து போய்விட்ட மாதிரி இருக்கிறது, அதைச் சரி பண்ணு. உன் குரல் முன்பைவிடத் தெளிந்திருக்கிறது. பெருமையாக இருக்கிறது.

ஆறாவதை எடுத்துவிடு. என் குரல் அதில் நன்றாக இல்லை, எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பெரிய காரணம் எதுவும் இல்லை. அக்கா கேட்கிறேன், எடுத்துவிடு.

நேரத்துக்குச் சாப்பிடு. கடிதம் கடைக்கு மட்டும் போடு, மறந்தும் வீட்டுக்கு வேண்டாம்.

உன் அக்கா

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

கோபத்தோடு எழுதுகிறேன். மற்ற பத்துப் பாட்டில் எதை எடுக்கச் சொல்லியிருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருப்பேன். ஆறாவதை எடுத்தால் மிச்சம் இருப்பது துண்டு துணுக்குகள்தான். சவுண்ட் என்ஜினீயர் வாயிலிருந்து பாராட்டு வருவது அபூர்வம், அவரே "இது ஒண்ணு போதும்யா, மத்ததையெல்லாம் தூக்கி நிறுத்திடும்"னு சொல்லிவிட்டார். முப்பதாம் தேதி சிடி அச்சுக்குப் போகிறது. கூச்சம் என்ற ஒரு காரணத்துக்காக நாலு பேருடைய இரண்டு வருட உழைப்பைக் கெடுக்கலாமா?

அதுவும் அந்த இடைவெளி! நீ ஒன்பது வரை எண்ணி நிறுத்துகிறாய், காலடியும் நிற்கிறது. நாலு விநாடி ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் மட்டும். பிறகு பத்திலிருந்து பதினாலு வரை காலடி வேகமாக வருகிறது, நீயும் மூச்சு வாங்க எண்ணுகிறாய். அந்த நாலு விநாடிக்காகத்தான் டிரம்ஸ்காரன் ஒரு மாதம் பயிற்சி எடுத்தான். இதை எந்த இசைக்காரனும் உட்கார்ந்து யோசித்துப் போட முடியாது. எப்படி அக்கா, ஒன்பதில் நிறுத்த வேண்டும் என்று உனக்குத் தோன்றியது?

வாலு

மார்ச் 19

அன்புத் தம்பிக்கு,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இந்த முறை கிழிக்காமல் அனுப்பப் போகிறேன்.

நான் தாளம் எண்ணவில்லை. அவர் ஏறி வருகிற படிகளை எண்ணுகிறேன். மொத்தம் பதினாலு. நிற்காமல் ஏறி வந்துவிட்டால் அன்றைக்குத் தொந்தரவில்லை. ஒன்பதாவது படியிலிருந்து எங்கள் சமையலறை ஜன்னல் தெரியும். சில நாள் அங்கே நின்று நான் யாரோடாவது பேசுகிறேனா, யாராவது வந்து போயிருக்கிறார்களா என்று காது கொடுத்துக் கேட்பார். நின்றால் எனக்குத் தெரிந்துவிடும். அடுப்பை அணைத்துவிட்டு, கத்தியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, சுவரோரமாக நின்றுகொள்வேன். ஏழு வருடமாக இதுதான்.

நீ இருந்த ஐந்து நாளும் அவர் சிரித்துப் பேசினார். நீ வெளியே போயிருந்த நேரத்தில் நடந்தது உனக்கு எப்படித் தெரியும்? உன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

அவர் அடிக்கிறார் என்று உனக்குத் தெரிந்துவிட்டதே என்று வெட்கமாக இருக்கிறது. அதைவிடப் பெரிய பயம் வேறு. நான் எண்ணுகிறேன் என்பது அவருக்குத் தெரியாது. அந்த நாலு விநாடிதான் எனக்குக் கிடைக்கிற நேரம். பாட்டைக் கேட்டால் கண்டுபிடித்துவிடுவார். நாளையிலிருந்து செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி வருவார், எனக்கு ஒரு சத்தமும் கேட்காது. இப்போது புரிகிறதா?

எடுத்துவிடு. யாரிடமும் சொல்லாதே. இங்கே வராதே.

அக்கா

மார்ச் 23

அக்கா,

பாட்டை எடுத்துவிட்டேன். "அக்கா வேணாம்னு சொல்லிட்டா"ன்னு மட்டும் சொன்னேன். டிரம்ஸ்காரன் என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டான்.

உன் வீட்டில் பதிவானது மொத்தம் நாற்பது நிமிடம். முதல் இரண்டு நிமிடத்தைக் கேட்டதுமே பாட்டு கிடைத்துவிட்டது என்று துள்ளிக் குதித்து வெட்டி எடுத்தவன் நான். மீதியை நேற்றுதான் கேட்டேன். முழுதாகக் கேட்க முடியவில்லை. என்னை மன்னித்துவிடு என்று எழுதக்கூடக் கூசுகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாட்டை எடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே டிரம்ஸ்காரன் எல்லார் குடும்பத்துக்கும் ஒவ்வொரு சிடி தபாலில் அனுப்பிவிட்டான். நன்றி சொல்லும் பட்டியலுக்காக ஜனவரியில் நான் எழுதிக் கொடுத்த முகவரிகளைப் பார்த்து அனுப்பியிருக்கிறான். உன் வீட்டு முகவரியும் அதில் இருக்கிறது, என் கையாலேயே எழுதியது. ஆறாவது பாட்டும் அந்த சிடியில் இருக்கிறது.

அவன் சொன்னவுடன் கடைக்குப் போன் போட்டேன். நீ இரண்டு நாளாக லீவு என்றார்கள். உன் வீட்டு வாசலில் வந்து நின்றால் உனக்கு என்ன ஆகுமோ என்று அதற்கும் பயம். இதைக் கூரியரில் அனுப்புகிறேன், கடைக்காரம்மா கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். உறை வந்தால் எப்படியாவது நீ முதலில் எடுத்துவிடு. ஒரு வரி எழுது. வா என்றால் அடுத்த நிமிடம் கிளம்புவேன்.

வாலு

மார்ச் 27

அன்பு வாலுவுக்கு,

உயிரோடு இருக்கிறேன், முதலில் அதைத் தெரிந்துகொள். கடையில் காய்ச்சல் என்று சொல்லியிருந்தேன். வெள்ளிக்கிழமை வேறு எதற்கோ அடித்ததில் வந்த கன்னத்து வீக்கம் வடியக் காத்திருந்தேன்.

உன் கடிதம் கையில் கிடைப்பதற்கு முன்பே உறை வந்துவிட்டது. சனிக்கிழமை அவரே வாங்கிப் பிரித்தார். ஞாயிறு காலை ஹாலில் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது பாட்டு முடிந்தபோது குழாயை மூடினேன். ஓடிவிடலாமா என்று நினைத்தேன். வாசலுக்குப் போக அவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஆறாவது பாட்டு ஓடி முடிந்தது. "இங்க வா"ன்னு கூப்பிட்டார். எப்படி நடந்து போனேன் என்று எனக்கே தெரியாது.

"இந்தப் பாட்ட கேட்டியா? நல்லா பண்ணிருக்கான் உன் தம்பி. யாரோ ஒரு பொண்ணு எண்ணுது பாரு"ன்னு சொல்லிவிட்டு மறுபடியும் போட்டார். மூன்று முறை கேட்டார், வாலு. தன் காலடிக்கே தரையில் காலைத் தட்டிக்கொண்டு கேட்டார். "ஒம்பதுல ஏன் நிறுத்துது?"ன்னு என்னைப் பார்த்துக் கேட்டார். "தெரியல"ன்னேன். "நிறுத்தறதுதான் அழகே"ன்னார்.

ஏழு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறேன், என் குரலை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பயந்தது நடக்கவில்லை என்று நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. பயம் இரண்டு மடங்கானது. என்றைக்காவது என் வேதனை அவர் காதில் விழும், அன்றைக்கு மனிதர் திருந்துவார் என்று உள்ளுக்குள் நம்பித்தான் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறேன். மூன்று முறை காதில் விழுந்தது, ரசித்தார். இனி அந்த வீட்டில் நான் எதற்காகக் காத்திருப்பது?

கடைக்காரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இதை அவரே இன்றைக்குக் கூரியரில் அனுப்புகிறார், நாளைக்கு உன் கைக்கு வந்துவிடும். என் சான்றிதழ்களும் நாலு துணியும் இப்போது கடையில் அந்தம்மாவின் அலமாரியில் இருக்கின்றன. திங்கள்கிழமை பகல் பதினொரு மணிக்கு உங்கள் குழுவின் வேனை எடுத்துக்கொண்டு கடைக்கு வா. டிரம்ஸ்காரனையும் நெட்டையையும் கூட்டி வா. காரணத்தை நீயே சொல்லிவிடு, இனி மறைக்க வேண்டாம்.

அந்த நாற்பது நிமிடத்தை அழித்துவிடாதே. ஆறாவது பாட்டை இப்போது சேர்க்கவும் வேண்டாம். உங்கள் ஆல்பம் பத்துப் பாட்டோடு நொண்டியடித்தாலும் பரவாயில்லை, போகட்டும். நான் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, முழுதாகக் கேட்ட பிறகு சொல்கிறேன். அதுவரை அந்தப் பாட்டு என்னுடையது.

இன்னும் மூன்று நாள் இருக்கிறது. மூன்று நாளும் எப்போதும் போல் சிரித்துக்கொண்டு இருக்க வேண்டும், அதை நினைத்தால்தான் நடுக்கமாக இருக்கிறது. ஒருவேளை பதினொரு மணிக்கு நான் கடையில் இல்லாவிட்டால் வெளியே நின்று யோசிக்காதே. போலீஸைக் கூட்டிக்கொண்டு நேராக வீட்டுக்கு வா.

உன் அக்கா