தலையணையோடு போனவன்

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானுக்கு முதுகுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. குழாய்க்காரர் "நாளைக்கு வரேன்" என்று சொல்லியே வாரத்தை ஓட்டுகிறார். எனக்கு விடைத்தாள் திருத்தும் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. தம்பி நலம். அவனைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போனில் பேசினால் நீ அழுவாய், நான் வாயை மூடிக்கொள்வேன், கடைசியில் நீ சொன்னதுதான் நடக்கும். அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை அவனைக் கடற்கரை மீன் காட்சியகத்துக்கு அழைத்துப்போனேன். அவனைப் போன்றவர்களைப் பார்த்துக்கொள்ளும் அந்த விடுதியில் அவனைச் சேர்ப்பதற்கு நானும் சரி என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அதற்கு முன் ஒருநாள் அவனுக்குப் பிடித்த மாதிரி இருக்கட்டும் என்று நினைத்தேன். கடலோரமாக ஒரு பெரிய இடத்துக்குப் போகிறோம் என்று மட்டும் அவனிடம் சொல்லியிருந்தேன். காலையில் பார்த்தால், தோளில் பை, கக்கத்தில் தலையணை, வாசலில் தயாராக நிற்கிறான். நாற்பது தாண்டிய ஆளுக்கு மீன் பார்க்கத் தலையணை எதற்கு? பஸ்ஸில் தூங்குவதற்கு என்று நானே முடிவு செய்துகொண்டேன். யாரையும் கேட்காமல் காரணம் கண்டுபிடிப்பது படித்தவர்களுக்கு உள்ள வியாதி.

பஸ்ஸில் அவன் தூங்கவில்லை. காட்சியக வாசலில் டிக்கெட் கிழிக்கிற பெண், "என்னண்ணே, தலகாணியோட வந்துட்டீங்க, இங்கயே தங்கப் போறீங்களா?" என்று கேட்டாள். "ஆமா" என்றான். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

உள்ளே அவன் எதையும் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரமாக நடந்தான். மீன்களைப் பார்க்கவே இல்லை. கதவு தென்பட்டால் மட்டும் மெல்லத் தள்ளிப் பார்த்தான். கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தவர், "அது மோட்டார் ரூம் சார், உள்ள ஒண்ணும் இல்ல" என்று சொன்னதும் அவன் முகம் விழுந்துவிட்டது. திருக்கைகள் நீந்தும் பெரிய தொட்டியின் முன் நின்று என்னிடம் கேட்டான்: "சின்னக்கா, என் கட்டில் எங்க?"

என்ன கட்டில் என்றேன். "பெரியக்கா சொல்லிச்சே. கடல் பக்கத்துல பெரிய வீடு, நெறைய பேர் இருப்பாங்க, நான் சமத்தா இருக்கணும்னு." சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "எல்லாரும் மீனாவே இருக்காங்க" என்று கொஞ்சம் குறைபட்டுக்கொண்டான். பிறகு, "நீ கெளம்பு. பஸ் போயிடும். நான் அழ மாட்டேன். அழுதா நல்ல பிள்ளை இல்லியாம்" என்றான்.

அக்கா, அவன் சமாளித்துக்கொள்ளத் தயாராக இருந்தான். மீன்களோடு இருக்கச் சொன்னாலும் இருந்திருப்பான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

தலையணையை வாங்கி என் கையில் வைத்துக்கொண்டேன். இரண்டு பேரும் வீட்டுக்குத்தான் போகிறோம், இன்றைக்கு மட்டுமல்ல, என்றைக்கும் என்றேன். "பெரியக்கா திட்டும்" என்றான். "திட்டட்டும்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தொட்டிப் பக்கம் திரும்பி, "அப்ப மீன் பாக்கலாமா?" என்று கேட்டான். முதல் தொட்டியிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். மூடும் நேரத்தில் எங்களைக் கிளப்புவதற்குள் காவலாளிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

நீ அனுப்பிய விடுதிப் படங்களை நேற்று மறுபடி பார்த்தேன். சிரிக்காத முகம் ஒன்றுகூட இல்லை. சிரிக்காதவர்களை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுச் சொல்.

எனக்குப் பிறகு அவனுக்கு யார் என்று கேட்பாய். நியாயமான கேள்விதான், எனக்கும் பதில் தெரியாது. தேடுகிறேன். ஆனால் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போதே "எனக்குப் பிறகு" வந்துவிட்டதாக நடந்துகொள்ள மாட்டேன். என் வாழ்க்கை வீணாகிறது என்றும் சொல்வாய். என் வாழ்க்கையை நான் பார்த்துக்கொள்கிறேன். விடுதிப் படிவத்துக்கு என் கையெழுத்து உனக்குக் கிடைக்காது. திங்கட்கிழமை அவனை அழைத்துப்போக விடுதி வண்டி வந்தால் காலியாகத்தான் திரும்பிப் போகும்.

கோபம் இருந்தால் என்னிடம் காட்டு. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் கூப்பிடு, போனை அவன்தான் எடுப்பான். அழுகை வந்தால் அழலாம், அதனால் யாரும் கெட்ட பிள்ளை ஆகிவிட மாட்டார்கள் என்று அவனிடம் ஒரு வார்த்தை சொல். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், நம்ப மாட்டேன் என்கிறான். பெரியக்கா சொன்னால்தான் கேட்பானாம்.

நீயும் அத்தானும் நன்றாக இருங்கள்.

உன் தங்கை